சாமி அறையில் வைத்த மூன்று மூளைப் பெட்டி

அந்தக் கம்ப்யூட்டரைச் சாமி அறையில் வைக்கச் சொன்னது நான்தான். மகள் கூடத்தில் வைப்பதற்காக மேஜையை இழுத்துப் போட்டாள். நான் வேண்டாம் என்றேன். அதற்கு முந்தின ஐப்பசி மழையில் கூடத்துக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. சாமி அறை ஒரு படி உயரம், அங்கே மட்டும் ஏறவில்லை. கரண்டு போனாலும் சாமி படத்துக்கு மேல் பல்பு எரியட்டும் என்று என் வீட்டுக்காரர் இன்வெர்ட்டர் லைனை அந்தச் சுவருக்குத்தான் இழுத்திருந்தார். ஈரமும் இல்லை, கரண்டும் போகாது, வேறு என்ன வேண்டும் என்றேன். அவளும் சரி என்று சாமி அலமாரிக்குப் பக்கத்திலேயே பெட்டியையும் திரையையும் வைத்தாள். நான் அதற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டேன். வீட்டுக்குள் புதுசாக எது வந்தாலும் செய்வதுதான். டிராக்டருக்குச் செய்தோம், கிரைண்டருக்குச் செய்தோம்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், மெதுவாக எழுதுவேன். ஆனால் பேச்சு வராது. கல்யாண வீட்டுக்குப் போனால் சமையல்கட்டில் காய் நறுக்க உட்கார்ந்துவிடுவேன், அங்கே யாரும் நம்மைப் பார்த்துக் கேள்வி கேட்க மாட்டார்கள். நான் வாய் விட்டுப் பேசுகிற இடம் சாமி அறை ஒன்றுதான். என் பிறந்த வீட்டுப் பழக்கம் அது. மனசுக்குள் நினைத்தால் குலதெய்வத்துக்குக் கேட்காது, வாயைத் திறந்து சொல்ல வேண்டும் என்பார்கள். காலையில் விளக்கேற்றியதும் முந்தின நாள் நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிவிடுவேன். பிசகு செய்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அங்கே நின்றுகொண்டு பொய் சொல்லக் கூடாது.

மகளுக்கு நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஆகாமல் போனதற்கு நாங்கள்தான் காரணம். அவள் அப்பா ஒன்பது வருஷம் படுக்கையில் கிடந்தார். சென்னையில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்து அவரைத் தூக்கி உட்கார வைத்தவள், கஞ்சி ஊட்டினவள் எல்லாம் அவள்தான். வந்த வரனையெல்லாம் அப்புறம் பார்க்கலாம், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளினோம். அவர் போன பிறகு பார்த்தால் வரன் கேட்டு வருகிறவர்கள் நின்றுபோயிருந்தார்கள்.

அதற்கப்புறம் வீட்டில் இருந்தே செய்கிற வேலை ஒன்று அவளுக்குக் கிடைத்தது. பேசுவதைக் கேட்டு எழுதுகிற கம்ப்யூட்டருக்கு நம் பக்கத்துத் தமிழ் சரியாகப் புரிகிறதா என்று சோதித்துச் சொல்கிற வேலை. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அதற்காகவே அந்தப் பெட்டியை ஆடி மாசம் அனுப்பியது. அவள் வேலை பிடித்துப்போய், நேரிலேயே வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். தை மாசம் புறப்பட வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு என்று ஒன்று வந்திருந்தது.

பெட்டியை மாட்டிய அன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இது பழைய மாதிரி கம்ப்யூட்டர் இல்லம்மா. இதுக்குள்ள மூணு மூளை இருக்கு."

"ஒண்ணு போதாதா?"

"ஒண்ணு போதாமதான் மூணு. நம்ம வயலை வச்சே சொல்றேன் கேளு. எப்ப தண்ணி விடணும், எந்த மடையை அடைக்கணும், எங்க எத்தனை கட்டு நாத்துப் போடணும், இதையெல்லாம் ஒரு ஆளு யோசிச்சு வரிசையா செய்யணும்ல. அது முதல் மூளை. நாப்பது பொம்பளைங்க வரிசையா குனிஞ்சு ஒரே வேலையை ஒரே நேரத்துல நடுறீங்கள்ல, அது ரெண்டாவது. யோசனை கிடையாது, கை மட்டும் ஓடும். உச்சிக்கு முன்னாடி வயல் முடிஞ்சிரும்."

"நாங்களும் யோசிச்சுக்கிட்டுதான்டி நட்டோம்."

"சரி, நீ யோசிச்ச. இது யோசிக்காது."

"மூணாவது?"

"அது அப்பா மாதிரி. வரப்புல நின்னு பயிர் நிறத்தைப் பாத்தே இன்ன நோவுன்னு சொல்வாரே. அளக்க மாட்டாரு, எண்ண மாட்டாரு. பாத்ததும் சொல்லுவாரு. யூகம். பேச்சைக் கேட்டு எழுதறது, முகத்தைப் பாத்து யாருன்னு சொல்றது எல்லாம் இந்த மூணாவதுதான்."

"உங்கப்பா சொன்னது தப்பாவும் போயிருக்கு."

"இதுவும் போகும். எத்தனை தடவை போவுதுன்னு எண்ணறதுதான் என் வேலை."

அவர் தப்பாகச் சொல்லும்போதும் குரலில் வித்தியாசம் இருக்காது. சரியாகச் சொல்கிற அதே குரல்தான். ஒரு சம்பா முழுக்க அப்படித்தான் எங்களுக்குப் போனது. அதை அவளிடம் சொல்லவில்லை.

முன்பெல்லாம் நாம் பேசுவதை எங்கோ இருக்கிற பெரிய கட்டடத்துக்கு அனுப்பித்தான் எழுதி வாங்க வேண்டுமாம். இப்போது மூன்று மூளையும் வீட்டுப் பெட்டிக்குள்ளேயே சேர்ந்துவிட்டதால் வெளியே அனுப்பத் தேவையில்லையாம். இன்னும் கொஞ்ச வருஷத்தில் எல்லார் வீட்டிலும் இதுதான் இருக்கும், டிவிக்குள், ஃபிரிட்ஜுக்குள்கூட வந்துவிடும் என்றாள்.

"நம்ம பேச்சு நம்ம வீட்டை விட்டு வெளியில போகாது. நல்லதுதானேம்மா?"

நல்லது என்றுதான் நானும் நினைத்தேன். பேசின பேச்சு வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டால் என்ன ஆகும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு மறதி ஆவணியில் தொடங்கியது. குக்கரில் ஒரு தடவை போட்ட அரிசியின் மேலேயே இன்னொரு தடவை அரிசியைக் களைந்து போட்டேன். காய்ச்சி இறக்கின பாலை மறுபடி அடுப்பில் வைத்தேன். எங்கள் வயலுக்குத் தண்ணீர் வருகிற வாய்க்காலின் பேர் ஒரு நாள் முழுக்க வரவில்லை. நாற்பது வருஷம் அதில் கால் கழுவியிருக்கிறேன். எல்லாருக்கும் வருவதுதான் என்று இருந்துவிட்டேன்.

புரட்டாசியில் மன்னார்குடிக்குப் போனேன். உளுந்தும் விளக்குத் திரியும் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். வந்து நிற்கிற பஸ்ஸின் போர்டை எல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்தேன். எல்லாம் தெரிந்த ஊராகத்தான் இருந்தது. அதில் எது என் ஊர் என்று தெரியவில்லை. யாரையாவது கேட்கலாம் என்றால், என்ன என்று கேட்பது? என் ஊர் எது என்றா? பூக்காரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்கோ காத்திருப்பவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். பஸ் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு கண்டக்டர் படியில் நின்றுகொண்டு, "என்னம்மா, ஏறலையா? வீட்டுக்குப் போக வேணாமா?" என்றார். அவருக்கு என்னைத் தெரிந்திருந்தது. ஏறி உட்கார்ந்தேன். எந்த ஊர் என்று கேட்காமலே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் போக மாட்டாள். அப்பாவுக்கு ஒன்பது வருஷம் கொடுத்தவள், எனக்கும் எத்தனை வருஷம் என்று கேட்காமல் கொடுத்துவிடுவாள். தை மாசம் வரைக்கும் மறைத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். ஆனால் சாமியிடம் மறைக்க முடியாது. மறுநாள் காலையில் விளக்கேற்றிவிட்டுப் பஸ் ஸ்டாண்டில் நின்றதைச் சொன்னேன். அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் என்ன மறந்தேனோ அதைச் சொல்லிவந்தேன். சொல்லிவிட்டால் பாரம் கொஞ்சம் இறங்கும்.

கார்த்திகையில் ஒரு நாள் மகள் விசா வேலையாக விடியற்காலையிலேயே பஸ் ஏறிவிட்டாள். நான் குளித்துவிட்டு வந்து விளக்கேற்றி, வழக்கம்போலச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி முருங்கைக்கீரையோடு வந்து வாசற்படியில் நின்றாள். வேதக்காரப் பெண், மாதா கோயிலுக்குப் போகிறவள். என்னைவிடப் பத்து வயசு சின்னவள். மகள் போன பிறகு என்னைப் பார்த்துக்கொள்வதாக ஒத்துக்கொண்டிருப்பவள் அவள்தான்.

"யக்கா, உங்க பெட்டி எழுதுது."

திரும்பினேன். எப்போதும் இருட்டாக இருக்கிற திரையை அன்றைக்கு மகள் அவசரத்தில் அணைக்காமல் போயிருந்தாள். அதில் வெள்ளை எழுத்தாக ஒரு வரி ஓடி நின்றது. எழுத்துக் கூட்டினேன். 'நேத்து மோட்டாரை நிறுத்த மறந்துட்டேன் தொட்டி நிரம்பிப் போச்சு சாமி.' அப்போதுதான் நான் சொல்லி முடித்தது. அதற்கு மேலே முந்தின நாள் சொன்னது இருந்தது. அதற்கு மேலே அதற்கு முந்தின நாளுடையது. தேதி போட்டு இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரி கீரையைத் தரையில் வைத்தாள்.

"எங்க கோயில்ல ஃபாதர்கிட்ட சொன்னா அவரு யார்கிட்டயும் சொல்ல மாட்டாரு. உங்க சாமி கிளார்க் வச்சிருக்காரு போலருக்கே."

"நீ படிச்சியா?"

"கண்ணாடி எடுத்துட்டு வரலக்கா."

கண்ணாடி அவள் நெற்றியில் இருந்தது. கீரையை ஆய்ந்து தரவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன், போய்விட்டாள்.

ப்ளக்கைப் பிடுங்கலாம் என்று கை போனது. பிடுங்கினால் மகள் செய்துவைத்த வேலை ஏதாவது அழிந்துவிட்டால்? கையை எடுத்துவிட்டேன். பேசினால் கேட்கிறதே, சொல்லிப் பார்ப்போம் என்று பெட்டிக்கு முன்னால் நின்று, "அதையெல்லாம் அழிச்சிடுப்பா" என்றேன். அது அதையும் எழுதியது. அலமாரிப் பக்கம் திரும்பி, "சாமி, இது பாப்பாவுக்குத் தெரிய வேணாம்" என்று கும்பிட்டேன். திரும்பிப் பார்த்தால் அதுவும் இருந்தது, எல்லாவற்றுக்கும் கீழே. வாயைப் பொத்திக்கொண்டேன். ஒரு துண்டை எடுத்துத் திரைமேல் போட்டுவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

சாயங்காலம் மகள் வந்து முகம் கழுவினாள், காப்பி குடித்தாள், சாமி அறைக்குள் போனாள். துண்டை எடுக்கிற சத்தம் கேட்டது. வழக்கமாகக் கீபோர்டைத் தட்டுகிற சத்தம் கேட்கும். அன்றைக்கு அது கேட்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டேன். வரேன் என்றவள் வர வெகு நேரம் ஆனது. சாப்பிடும்போது கீரை நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து தன் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டாள்.

"உக்காரும்மா. இது எப்பவும் கேட்டுக்கிட்டே இருக்கும்னு அன்னைக்கே சொன்னேனே. சாமி கும்பிடற நேரத்துல நிறுத்தி வைக்கட்டுமான்னு கேட்டேன். நீதான் வேணாம்னு சொன்ன."

"சொன்னேனா?"

அந்த ஒரு வார்த்தையை நான் விட்டிருக்கக் கூடாது. அவள் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

மூன்று மூளையில் முதல் இரண்டும் வேலை இல்லாதபோது தூங்குமாம். மூன்றாவது மட்டும் தூங்காதாம், அதற்குக் கரண்டு கொஞ்சம்தான் வேண்டுமாம். என் பேச்சை அவள் 'மத்த சத்தம்' என்று தனியே ஒதுக்கி வைத்திருந்தாள். கோழி கூவுவதும் குக்கர் விசிலும்தான் அதில் இருக்கும் என்று நினைத்துத் திறந்தே பார்க்கவில்லை.

"என் குரலை வச்சிருக்கா? போட்டுக் காட்டுமா?"

"குரலை வச்சுக்காது. எழுதின உடனே அழிச்சிரும். அப்படித்தான் பண்ணி வச்சிருக்கேன், பாதுகாப்புக்காக." அப்புறம் சொன்னாள். "கம்பெனில வயசானவங்க பேச்சையும் சோதிச்சுக் கணக்கு அனுப்பச் சொல்லியிருக்காங்க. இதுல நூறு வரி எடுக்கிறேன். ஒவ்வொண்ணா படிக்கிறேன். நீ சொன்னதுன்னா சரின்னு சொல்லு. சொல்லாததுன்னா தப்புன்னு சொல்லு."

"தப்பு நிறைய இருந்தா?"

"நூத்துக்கு நாலு வரைக்கும் போகலாம். அதுக்கு மேல போனா நான் இத்தனை நாளா அனுப்பினதெல்லாம் பொய்யாயிரும். அப்புறம் என்னை எதுக்கு அங்க கூப்பிடணும்?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எல்லாம் சரி என்று சொன்னால் அவள் என்னை விட்டுப் போக மாட்டாள். எல்லாம் தப்பு என்று சொன்னால் அவளை அங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நூறு வரியில் நாலே நாலுதான் எனக்குக் கிடைத்தது. சாமிக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு அதைச் செலவு பண்ண வேண்டும்.

அரிசியை இரண்டு தடவை போட்டது. சரி. பால் காய்ச்சினது. சரி. வாய்க்கால் பேர். "சரி. அதெல்லாம் எல்லாருக்கும் வர்றதுதான்" என்றேன்.

"கேட்டதுக்கு மட்டும் சொல்லும்மா."

பஸ் ஸ்டாண்டு வந்தது. தப்பு என்றேன்.

"மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுல என் ஊர் எதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன்னு இத்தனை நீளமா இருக்கு. இதை அதுவாவா எழுதும்?"

"யூகம்னு நீதானே சொன்ன."

சிவப்பில் ஒரு கோடு போட்டாள். அடுத்ததைப் படித்தாள். உப்புப் போட மறந்தது, அவள் அப்பா திதிக்கு வாழைக்காய் வாங்க மறந்தது, எல்லாம் சரி, சரி என்று போய்க்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் படிக்காமல் நிறுத்தினாள். அப்புறம் மெதுவாகப் படித்தாள்.

"'இன்னைக்குப் பாப்பாவோட பேரு வரல. ரேஷன் கார்டைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.'"

இதை நான் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. பாப்பா என்றுதான் பிறந்ததிலிருந்து கூப்பிடுகிறேன், பேர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. உடனே மனசுக்குள் அவள் பேரைச் சொல்லிப் பார்த்தேன். வந்துவிட்டது. தடங்கல் இல்லாமல் வந்தது. பாதி கேட்டு மீதியை மூன்றாவது மூளை நிரப்பியிருக்கும். இல்லையென்றால் நான் சொல்லியிருக்கிறேன், சொன்னதும் போய்விட்டது. இரண்டில் எது என்று எனக்குத் தெரியவில்லை.

"தப்பு" என்றேன்.

அதற்கு நாலு வரி கீழே இன்னொன்று. 'அவ போயிட்டா நான் என்ன பண்ணுவேன். போக வேணாம்னு அவ மனசுல போடு சாமி.' அதையும் நான் சொன்ன ஞாபகம் இல்லை. ஆனால் அதைக் கேட்டதும் நெஞ்சுக்குள் ஒன்று அசைந்தது.

"இதுவும் தப்பு. உன்னை நான் போக வேணாம்னு சொல்வேனா?"

நூறு வரியும் முடிந்தது. "மூணு" என்றாள். "நல்ல ரிசல்ட்டுதான்." அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "டிக்கெட் போட்டுரட்டுமா?"

"போடு."

அவள் கொல்லைப்பக்கம் போனதும் பீரோவைத் திறந்து ரேஷன் கார்டைப் பார்த்தேன். எப்போதும் பட்டா, சிட்டாவோடு அடியில் வைப்பேன். புடவைகளுக்கு மேலே இருந்தது. ரேஷன் கடைக்குப் போகும்போது அவளும் எடுத்திருக்கலாம்.

மார்கழி பிறந்ததிலிருந்து நான் சாமி அறையில் பேசுவதை விட்டுவிட்டேன். விளக்கேற்றும்போது முந்தானையைப் பல்லில் கடித்துக்கொள்வேன். சாமி அலமாரியைப் பார்க்கிறபோது என்னவோ கடன்பட்டவள் மாதிரி இருக்கும். பெட்டியை நிறுத்திவிடேன் என்று ஒரு தடவை கேட்டேன். "நான் போனப்புறமும் ஓடட்டும்மா. உனக்கு ஏதாவதுன்னா அங்கருந்தே இதைத் திறந்து பாத்துக்குவேன்" என்றாள். பக்கத்து வீட்டுக்காரி வந்தால்கூட வாசலிலேயே நின்று கையால் ஜாடை காட்டுவாள். "எனக்கு ஏன்க்கா வம்பு. நான் மாமியாரை நாலு வார்த்தை பேசுவேன், அதையும் எழுதி வச்சுக்கும்."

மாசம் பாதியாகியிருக்கும். ஒரு நாள் காலை கோலம் போட்டு, விளக்கேற்றி, வாயைத் திறக்காமல் கும்பிட்டுவிட்டுச் சமையல்கட்டுக்கு வந்தேன். மகள் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், அவள் துணியை உதறுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முடித்துவிட்டு உள்ளே போனாள்.

"அம்மா, இங்க வா."

திரையில் அன்றைய தேதி. ஒரே வரி.

'பாப்பா ஊருக்குப் போயி எத்தனை நாளாச்சு.'

"இது?" என்றாள்.

"நான் பேசவே இல்ல."

"சரியா தப்பா, சொல்லு."

"தப்பு. சத்தியமா தப்பு. முந்தானையைக் கடிச்சுக்கிட்டுதான் நின்னேன்."

இந்தத் தடவை நான் பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தவரை பொய் சொல்லவில்லை. அவள் கை மௌஸின் மேல் இருந்தது. சிவப்புக் கோடு போடுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்த மூன்று வரிக்கும் நான் தப்பு என்று சொன்னபோது என்னை நம்பிக் கோடு போட்டவள், நிஜத்தைச் சொன்னபோது போடவில்லை. போனை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்க் கிணற்றடியில் நின்று இங்கிலீஷில் பேசினாள். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. நான் களைந்த அரிசியை மறுபடி மறுபடி களைந்துகொண்டிருந்தேன். நடுவில் அவள் குரல் ஒரு தடவை கெஞ்சுவது மாதிரி இறங்கியது, அப்புறம் சாதாரணமாகிவிட்டது.

திரும்பி வந்து, "இன்னைக்குக் குழம்பா, ரசமா?" என்றாள்.

"ரசம்."

"சரி. புளியை நான் கரைக்கிறேன், நீ உக்காரு."

டிக்கெட்டைப் பற்றி அதற்கப்புறம் அவள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. தை பிறந்து பதினோரு நாள் ஆகிறது, அவள் புறப்படவில்லை. அவள் சாமி அறையில் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். காலையில் நாலைந்து தடவை நான் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, அவள் இருக்கிறாளா என்று பார்த்துக்கொள்கிறேன்.